லிமிட்ஸ் கோப்புல 65536 போட்டும் என்ஜின்எக்ஸ் 1024-லயே நிக்குது

பெரம்பூர்_பையன்:
பழைய டெஸ்க்டாப்புல டெபியன் 12 லினக்ஸ். முன்னாடி என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி (வர்ற ரிக்வெஸ்டை வாங்கிப் பின்னாடி அனுப்புற வெப் சர்வர்), பின்னாடி ஜெல்லிஃபின் (வீட்டுல படம் ஓட்டுற மீடியா சர்வர்), கூட கொஞ்சம் டாக்கர் கன்டெய்னர். வொர்க்கர்_கனெக்ஷன்ஸ் (என்ஜின்எக்ஸோட ஒரு வொர்க்கர் ப்ராசஸ் ஒரே நேரத்துல தாங்குற கனெக்ஷன்) 2048. எரர் லாகுல "24: டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" வந்து கொட்டுது. /ஈடிசி/செக்யூரிட்டி/லிமிட்ஸ்.கான்ஃப்ல நோஃபைல் (ஒரு ப்ராசஸ் ஒரே நேரத்துல எத்தனை கோப்பு திறக்கலாம்ங்கிற வரம்பு) 65536 போட்டாச்சு, சாஃப்ட் (இப்ப நடப்புல இருக்கிறது), ஹார்டு (அதை ஏத்தக்கூடிய உச்சம்) ரெண்டும். ஷெல்லுல யூலிமிட் -என் அடிச்சா 65536தான் காட்டுது. கரண்ட் கட்டாகி ரீபூட்டும் ஆச்சு, எரர் மட்டும் போகல. எங்க பார்க்கணும்?

ராயபுரம்_ரூட்:
ப்ரோ, அந்தக் கோப்பைப் படிக்கிறது பேம், அதாவது லாகினைக் கவனிக்கிற பகுதி. எஸ்எஸ்ஹெச், லாகின்னு ஆள் உள்ள வர்ற செஷனுக்குத்தான் அது செல்லும். பின்னணியில ஓடுற சர்வீஸைக் கிளப்புறது சிஸ்டம்டிங்கிற ப்ரோகிராம், அது இந்தக் கோப்பைத் திறந்தே பார்க்காது. ஷெல் சொல்ற நம்பரை விடுங்க, ஓடுற ப்ராசஸைக் கேளுங்க. வொர்க்கரோட பிஐடி (ப்ராசஸ் நம்பர்) எடுத்து /ப்ராக்/பிஐடி/லிமிட்ஸை கேட் பண்ணுங்க. சாஃப்ட் 1024, ஹார்டு 524288னு இருக்கும்.

என்ஜின்எக்ஸுக்கு சிஸ்டம்டி பக்கம் போகவே வேணாம். அதோட மெயின் கான்ஃப்ல, ஈவென்ட்ஸ் ப்ளாக்குக்கு வெளியே:

வொர்க்கர்_ஆர்லிமிட்_நோஃபைல் 8192;

இது வொர்க்கர்_கனெக்ஷன்ஸைவிடப் பெரிசா இருக்கணும், டெம்ப் கோப்பு, லாக் எல்லாத்துக்கும் இடம் வேணும்ல. ரீலோட் போதும். மத்த சர்வீஸுக்கு சிஸ்டம்சிடிஎல் எடிட் அடிச்சு, சர்வீஸ் பிரிவுக்குக் கீழ லிமிட்நோஃபைல்=65536 போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. 'இன்ஃபினிட்டி' போடாதீங்க. சில பழைய ப்ரோகிராம் கிளம்பும்போது லிமிட் வரைக்கும் ஒவ்வொரு டிஸ்க்ரிப்டரா (திறந்த கோப்பு, கனெக்ஷன் ஒவ்வொண்ணுக்கும் கொடுக்கிற நம்பர்) மூடிட்டு வரும், சிபியு அதுலயே முழுகிடும்.

கொருக்குப்பேட்டை_கெர்னல்:
லிமிட் ஏத்துறது சரி. ஆனா வீட்டுல நாலு பேர் படம் பார்க்க 1024 எப்படிப்பா தீரும்? ப்ராக்ஸி_பாஸ்ல (ரிக்வெஸ்டை எங்க அனுப்பணும்னு சொல்ற வரி) உங்க வெளி டொமைன் பேரு இருக்கான்னு முதல்ல பாருங்க. இருந்தா என்ஜின்எக்ஸ் தன்னைத்தானே கூப்பிட்டுக்கிட்டே இருக்கும், ஒரே ரிக்வெஸ்டு போதும், எல்லா டிஸ்க்ரிப்டரும் காலி. எஸ்எஸ் -டிஎன்பி போட்டா ரெண்டு முனையிலயும் என்ஜின்எக்ஸே நிக்கிற கனெக்ஷன் நூத்துக்கணக்குல தெரியும். ப்ராக்ஸி_பாஸ்ல 127.0.0.1:8096 (இதே மெஷின்ல ஜெல்லிஃபினோட முகவரி) போடுங்க. லூப் இருக்கும்போது 8192 வச்சா, விழறதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான்.

பெரம்பூர்_பையன்:
வொர்க்கர்ல 1024தான் ரூட் அண்ணா. ப்ராக்ஸி_பாஸை இப்பதான் பார்க்கப் போறேன். ஜெல்லிஃபின் லாகுல ஐநோட்டிஃபை இன்ஸ்டன்ஸ் 128 முடிஞ்சுதுன்னும் ஒரு வரி வருது. அதுவும் இதேதானா?

கொருக்குப்பேட்டை_கெர்னல்:
இல்ல, அது வேற கணக்கு. கோப்பு மாறுதான்னு காவல் பார்க்கிற ஐநோட்டிஃபைக்கு யூசருக்கு இத்தனைன்னு தனி வரம்பு. தீர்ந்தாலும் அதே 24தான் வரும், அதான் எல்லாரும் நோஃபைலையே ஏத்திக்கிட்டு கிடக்கிறாங்க. ஒரே யூஐடில (யூசர் நம்பர்) ஓடுற கன்டெய்னர் எல்லாம் அந்த 128-ஐத்தான் பங்கு போடும். /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி உள்ள .கான்ஃப்னு முடியுற கோப்புல எஃப்எஸ்.ஐநோட்டிஃபை.மேக்ஸ்_யூசர்_இன்ஸ்டன்ஸஸ்=512 எழுதி, சிஸ்சிடிஎல் --சிஸ்டம் அடிச்சு, ஜெல்லிஃபினை ரீஸ்டார்ட் பண்ணுங்க. "நோ ஸ்பேஸ் லெஃப்ட்"னு வந்து டிஸ்குல இடம் இருந்தா, தீர்ந்தது மேக்ஸ்_யூசர்_வாட்சஸ், அதாவது ஐநோட்டிஃபை காவல் பார்க்கிற இடங்களோட வரம்பு.