குயில்டிங்: ஒரே சொல் போதாது, ரெண்டு வேணும்

வணக்கம் ஐயா, துணித்துண்டுங்கள சேத்து, நடுவுல பஞ்சு விரிப்பு வெச்சு போர்வை தெக்கற குயில்டிங்குக்குத் தமிழ்ல 'மெத்தைத் தையல்'னு வெச்சுக்கலாம்னு எழுதியிருந்தீங்க. மெத்தைன்னா நம்ம ஊர்ல இலவம்பஞ்சு அடைச்சு திக்கா தெச்சது, இது அப்படி இல்லைங்க. அதைவிட பெரிய சிக்கல், ரெண்டு தனித்தனி வேலைய ஒரே சொல்லுக்குள்ள போட்டுடறோம்.

என் கதையவே சொல்றேன். 2012ல அம்மாவோட பழைய சுங்குடிப் புடவைங்கள 5 இன்ச் சதுரமா வெட்டி, கால் இன்ச் தையலுக்கு விட்டு, ஒண்ணோட ஒண்ணு சேத்து மேல்துணி முழுசா முடிச்சுட்டேன். அப்புறம் நடுவுல பஞ்சு விரிப்பு, அடியில ஒரு துணி வெச்சு மூணையும் சேத்து மெஷின்ல ஓட்டினா, ஊசிக்குக் கீழ துணிய நகர்த்தற மெஷின் பல்லு அடித்துணிய மட்டும் இழுக்குது, மேல்துணி பின்தங்குது, எங்க பாத்தாலும் சுருக்கம், பிரிச்சு லாஃப்ட்ல ஏத்திட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்துல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, மேல இருந்ததால அது நனையாம பொழச்சுது.

போன வருஷம்தான் முறையா கத்துக்கிட்டேன். நாலு விரல் இடைவெளிக்கு ஒரு ஊக்கு, நடுவுலேர்ந்து ஓரத்துக்கு தெச்சுட்டு வரணும், வாக்கிங் ஃபுட்னு மேல்துணியையும் நகர்த்தற ஒரு அழுத்துபாதம் இருக்கு, அதை மெஷின்ல மாட்டினா மேல்துணியும் அடித்துணியோட சேந்தே நகரும். நம்ம வெயிலுக்கு மெல்லிசான காட்டன் விரிப்புதான் வெச்சேன். மூணு வாரத்துல முடிஞ்சுது! முதல் வேலை, அதாவது துண்டுங்கள இணைக்கறது, எனக்கு 2012லயே தெரியும், ரெண்டாவது, அதாவது மூணு அடுக்கையும் சேத்து தெக்கறது, தெரியாது, ஆனா ரெண்டுக்கும் 'குயில்டிங்'னு ஒரே பேர் சொல்லிட்டு இருந்ததால எதைக் கத்துக்கணும்னு யார்கிட்டயும் கேக்கவே தெரியல. அதனாலதான் இவ்வளவு தூரம் வாதாடறேன்.

முதல் வேலையான பீசிங்குக்கு 'இணைப்புத் தையல்' சரியா இருக்கும். 'ஒட்டு' வேணாம், ஒட்டு போடறதுன்னா ஒரு துணி மேல இன்னொரு துணி வெச்சு தெக்கறது, அது அப்ளிக். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேருக்குக் கட்டித் தொங்கவிடற துணி அலங்காரமான தொம்பை அந்த வேலைதான், அந்த சொல்ல அதுக்கே விட்டுடுவோம்.

ரெண்டாவது வேலைக்கு, நம்ம பேச்சுல அக்கா சொன்ன 'துன்னம்'ங்கற தையலுக்கான பழைய சொல் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. பொருநராற்றுப்படையில வேற நூல் நுழைஞ்ச 'துன்னற் சிதாஅர்', அதாவது தெச்ச கந்தல் துணி, வருது, சிலப்பதிகாரத்துல தையக்காரங்க பேரே 'துன்னகாரர்'. துன்னுதல்னா நெருங்கறதும்தான், மூணு அடுக்கும் நெருங்கி ஒண்ணாகறதுக்கு எவ்வளவு பொருத்தம்! ஆனா பழசுல அது எல்லா தையலுக்கும் பொது. இன்னொண்ணு, சென்னையில 'துன்னு'ன்னா சாப்பிடறது. என்கிட்ட கத்துக்க வர்ற வியாசர்பாடிப் பொண்ணுகிட்ட "துணிய துன்னு"ன்னு சொல்லிப் பாத்தேன், "துணிய எப்பிடிக்கா துன்றது"ன்னு கேட்டா, அவளுக்கு நிஜமாவே புரியல. கையில ஊசி பிடிக்கறவங்களுக்குப் புரியலன்னா அந்த சொல் ஏட்டுலயே நின்னுடும்.

அதனால ரெண்டாவது வேலைக்கு 'அடுக்குத் தையல்', முடிஞ்ச பொருளுக்கு 'துன்னப்போர்வை'ன்னு வெப்போம், பேர்ச்சொல்லா வந்தா அந்தக் குழப்பம் வராது. முழுசா தெக்கறதுக்கு முன்னாடி அடுக்குங்க நகராம தற்காலிகமா தெக்கற பேஸ்டிங்குக்கு 'நூலோட்டம்' இருக்கு, புதுசா ஆக்க வேணாம்.

போர்வையோட ஓரத்தை மூடித் தெக்கற பைண்டிங்குதான் பாக்கி. 'விளிம்புப் பட்டி'ன்னு எழுதி வெச்சிருக்கேன், ஆனா டெய்லருங்க பட்டின்னா பட்டன் பட்டிய நினைச்சுக்கறாங்க. நான் புடவைக் கரைய வெட்டித்தான் ஓரம் கட்டினேன், அப்ப 'ஓரக்கரை'ன்னு சொல்லலாமா? அக்கா, நீங்க சொல்லுங்க.