மறு: சிங்க்ஹோலுக்கு தமிழ்ச்சொல் – புதைகுழி வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கமுங்க. சிங்க்ஹோல், அதாவது தரை திடீர்னு உள்ள இறங்கி விழற குழி, அதுக்கு தமிழ்ல என்ன பேர் வெக்கலாம்னு போற இந்த இழையை ரெண்டு நாளா சும்மா படிச்சிட்டுதான் இருந்தேன், புதைகுழியும் உறிஞ்சுகுழியும் முந்துற மாதிரி தெரியுது, அதான் சேலத்துலேர்ந்து ஒரு ஆட்சேபணைய போட்டு வெச்சிடலாம்னு.

> புதைகுழி எல்லாருக்கும் தெரிஞ்ச சொல், அதையே வெச்சிக்கலாம்

தெரிஞ்ச சொல்தான், ஆனா வேற ஒண்ணுக்கு தெரிஞ்ச சொல். புதைகுழின்னா சேத்துல கால் மாட்டி கொஞ்சங்கொஞ்சமா உள்ள போறதுதான் மனசுல வரும். இது அப்படியா? மேல தரை நல்லாத்தான் இருக்கும், வண்டி போகும், பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க, அடியில மட்டும் காலியாயிட்டே இருக்கும், ஒரு நாள் மேல்மண்ணு தாங்காம பொத்துனு இறங்கிடும். உறிஞ்சுகுழி சுத்தமா ஆகாது, வீட்டுக்கு வீடு கழிவுநீருக்கு தோண்டுறோமே அதுக்கு அந்த பேர் எப்பவோ போயிடுச்சு.

எனக்கு இந்த சொல்மேல இவ்ளோ அக்கறை ஏன்னா எங்க தெருவுலயே இது நடந்துச்சு. அம்மாபேட்டை பக்கம், போன மழைக்கு முன்னாடி. மொதல்ல வாசக்கதவு இறுக ஆரம்பிச்சுது, மழை ஈரத்துல மரம் ஊதிடுச்சுன்னு இழைச்சோம், மறுபடியும் இறுகுச்சு. அப்புறம் காம்பவுண்ட் சுவத்துல படிக்கட்டு மாதிரி விரிசல். பாக்க வந்த கொத்தனார் சுவத்த விட்டுட்டு ரோட்டுல போயி குதிகாலால ரெண்டு இடி இடிச்சாரு, "சுவத்துல ஒண்ணுமில்லீங்க, அடியில பொக்கையா இருக்குது"ன்னாரு. நாலாம் நாள் பால் வண்டி பின்சக்கரம் உள்ள போயிடுச்சு. சாக்கடை பைப் ஜாயிண்ட் விட்டு அது வழியா மண்ணு தினம் கொஞ்சம் ஓடியிருக்கு, அவ்ளோதான். வந்தவங்க ரெண்டு லோடு செம்மண்ண கொட்டி மூடிட்டு போனாங்க, பைப்ப தொடவேயில்ல, அடுத்த மழைக்கு அதே எடத்துல அதே குழி. பக்கத்து வீட்டுக்கு வந்த வாடகைக்காரங்க அட்வான்ஸ திருப்பி வாங்கிட்டு போயிட்டாங்க.

இங்கதான் சொல்லோட பிரச்சினையே வருது. புத்தகத்துல இருக்கிற சிங்க்ஹோல் வேற. மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை சேத்துக்கிட்டு லேசா அமிலமாயி சுண்ணாம்புக்கல் விரிசல்ல இறங்கி ஆயிரக்கணக்கான வருஷமா கரைக்கும். உப்புப் படிவம்னா வேகமா கரையும், சாக்கடல் ஓரத்துல அதான் கதை, கடல் வருஷத்துக்கு சுமார் 1 மீட்டர் இறங்குது, அந்த எடத்துக்கு நல்ல தண்ணி வந்து உப்ப கரைக்குது, ஆயிரக்கணக்குல குழி, பேரீச்சந்தோப்பெல்லாம் விட்டுட்டு கெளம்பிட்டாங்க. நம்ம சேர்வராயன் மலையோ சார்னகைட்ங்கற கெட்டிப் பாறை, அது அப்படி கரையாது. எங்க தெருவுல கரைஞ்சது பாறை இல்ல, அரிச்சிட்டு போனது மண்ணு. 2010ல குவாத்தமாலா நகரத்துல மூணு மாடி கட்டடத்த முழுங்குன குழியும் இந்த ரகந்தான், அடியில சுண்ணாம்புக் குகை கெடையாது, எரிமலை கக்குன இளகின மண்ணு. இதை சிங்க்ஹோல்னு சொல்லாதீங்கன்னு அங்க ஒரு புவியியல் அறிஞரே சொன்னாரு. ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சா "இயற்கை சீற்றம்"னு கைய தட்டிட்டு போறவங்களுக்கு வசதியா போயிடும்.

அப்புறம் இன்னொண்ணு. இந்த மாதிரி குழிக்கு மத்த ஊர்ல வெச்ச பேரப் பாருங்க: டோலைன்ங்கிறது ஸ்லாவிய மொழியில பள்ளத்தாக்கு, செனோட்டே மாயா மக்களோட சொல், துருக்கியில கொன்யா சமவெளி விவசாயிங்க ஒப்ருக்ங்கறாங்க (அங்க போர் போட்டு நிலத்தடி நீர உறிஞ்சினதுல குழி பெருத்துப்போச்சு). எல்லாமே குழி பக்கத்துல வாழ்ந்தவங்க வாயிலேர்ந்து வந்தது. நாம மட்டும் ஏன் அகராதிய பொரட்டிட்டு இருக்கோம்? நம்மூர்ல ரோடு, கிணறு எது இறங்கினாலும் "உள்வாங்கிடுச்சு"ன்னுதான சொல்றோம்.

அதனால என் பரிந்துரை: பொதுப்பேர் உள்வாங்குகுழி. பாறை கரைஞ்சா கரைகுழி, மண்ணு அரிச்சா அரிகுழி. குழி விழறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற வெற்றிடத்துக்கு கொத்தனார் சொன்ன பொக்கை.

– – –

தம்பி, உள்வாங்குகுழி பிடிச்சிருக்கு. ஆனா கடலும் உள்வாங்குது, இப்ப பாடத்தைக்கூட "உள்வாங்கி" படிக்கச் சொல்றாங்க, குழப்பாதா? கரைகுழின்னா ஆத்தங்கரையில தோண்டின குழின்னு நினைச்சிட்டேன் முதல்ல. பொக்கைன்னதும் எங்க தாத்தா வாய்தான் ஞாபகம் வருது, பல்லில்லாம. இதையெல்லாம் பாடநூல்ல போடுவாங்களா?

– – –

அக்கா, கரைகுழி நீங்க சொன்னது சரி, எனக்கு தோணவேயில்ல. கரைவுக்குழின்னு மாத்திடறேன், ஜோடிக்கு அரிப்புக்குழி. உள்வாங்குறது பின்னாடி குழின்னு ஒட்டிட்டா கடலும் வராது பாடமும் வராது. பொக்கைய மட்டும் விட மாட்டேன், தாத்தா வாயும் அதேதான, வெளிய உதடு இருக்கு உள்ள ஒண்ணுமில்ல.

ஒற்று பத்தி தனிமடல்ல கேட்டவருக்கு: உள்வாங்குகுழி வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி, நடுவுல க் வராது. நம்ம சொல்பட்டியல் ஷீட்டுல 4 சொல்லையும் ஏத்திட்டேன், புதைகுழிய எடுக்கல, பக்கத்துல "சேறு" ன்னு குறிப்பு போட்டிருக்கேன்.