ஸ்டெபிலைசர் பார் புஷ்: அதை மட்டும் மாற்றினால் போதுமா, செட்டாகவே போடணுமா?

மடிப்பாக்கத்தான்:
வண்டி 2015 மாடல் ஹேட்ச்பேக், 90 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. முன்பக்க இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’ என்று அடிக்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் நேராக ஏறி இறங்கினால் சத்தமே இல்லை. தினமும் ஆற்காடு ரோட்டில் மெட்ரோ வேலை நடக்கும் பக்கம்தான் போய் வருகிறேன், கேட்கவே வேண்டாம். சர்வீஸ் சென்டரில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை), லிங்க் ராடு (ஸ்டெபிலைசர் பாரின் முனையைச் சக்கரப் பக்கம் இணைக்கும் சின்ன தண்டு), ஸ்டெபிலைசர் பார் புஷ் (வளைவில் வண்டி சாயாமல் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குக் கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர்) எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் மாற்றி, அலைன்மென்ட்டும் (சக்கரக் கோணம்) பார்க்கணும் என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். தெருமுனை மெக்கானிக் அண்ணன் புஷ் மட்டும் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கிரீஸ்கை:
மெக்கானிக் பேச்சைத்தான். நேராக ஏறும்போது சத்தம் இல்லை என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் பார் முறுக்கிக்கொள்ளாது, புஷ்ஷுக்குள் சும்மா திரும்பிக்கொடுக்கும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால்தான் அதில் முறுக்கு விழும். ரப்பர் தேய்ந்திருந்தால் அந்த நேரத்தில் பார், புஷ்ஷை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புக்குள் ஆடி இடிக்கும். ஒரு சின்ன ரப்பர் துண்டுக்காக லோயர் ஆர்ம் வரைக்கும் கழற்றுவது அநியாயம்.

பழைய_ஷெட்:
அவசரப்படாதீங்க சார். லிங்க் ராடு போனாலும் இதே சத்தம்தான், இதே மாதிரிப் பள்ளத்தில்தான். எங்கள் ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் புஷ்ஷுக்கு முன்னாடி லிங்க் ராடு முனையில் இருக்கும் பால் ஜாயின்ட்தான் (உருண்டை மூட்டு) போகிறது. அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து மழைத் தண்ணீரும் மணலும் உள்ளே போய்விட்டால் சீக்கிரமே ஆட்டம் கொடுத்துவிடும். 90 ஆயிரம் ஓடிய வண்டிக்கு எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டால் லேபரும் ஒரே தடவை. இன்றைக்குப் புஷ், அடுத்த மாதம் லிங்க் என்று லீவு போட்டு அலைவது யார்?

கிரீஸ்கை:
லேபர் கணக்கெல்லாம் சரி அண்ணே. போகாத பார்ட்டுக்கும் சேர்த்து ஏன் காசு கட்டணும்? முதலில் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி, பாரின் முனை எதிலும் இடிக்காமல் கட்டிவிட்டு, தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று. திருப்பத்தில் வண்டி அதிகமாகச் சாயும், அதனால் வேகம் கூடாது. அப்போதும் சத்தம் வந்தால் பார் மேல் பழி போட முடியாது, லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக் அப்சார்பரின் மேல் முனையைப் பிடிக்கும் பாகம்) பக்கம் பார்க்கணும். சத்தம் நின்றால் லிங்க் அல்லது புஷ். கழற்றிய லிங்க் கையில்தானே இருக்கிறது, பால் ஜாயின்ட்டை ஆட்டிப் பாருங்கள். இறுக்கமாகத் திரும்பினால் நல்லது, தலை தானாகத் தொங்கினால் போச்சு.

ஈசிஆர்_ஓட்டி:
இவ்வளவு எதுக்கு ப்ரோ? பாலியூரித்தேன் புஷ் போட்டு விடுங்கள், ரப்பர் மாதிரி சீக்கிரம் தேயாது. வளைவில் வண்டி சாய்வதும் குறையும்.

பழைய_ஷெட்:
ஆற்காடு ரோட்டு டிராஃபிக்கில் முதல் கியரில் ஊர்பவருக்கு வளைவு எங்கே தம்பி வந்தது? பாலியூரித்தேன் கெட்டி. ரோட்டு அதிர்வை நேராக உள்ளே அனுப்பும். அதற்குப் போடும் சிலிகான் கிரீஸ் காய்ந்தால் கீச் கீச்சென்று கத்தும். வீட்டு வண்டிக்கு ரப்பரே போதும். ஆனால் ரப்பருக்குச் சாதா கிரீஸைத் தடவி விடாதீர்கள், ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் தொட்டு ஏற்றினால் போதும்.

மடிப்பாக்கத்தான்:
புஷ்ஷை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடையில் வாங்கி நானே மாட்டலாமா? அலைன்மென்ட் கட்டாயமா?

கிரீஸ்கை:
பாரின் தடிமனை அளந்துகொண்டு போங்கள். ஒரே மாடலிலேயே வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும். ஒரு மில்லிமீட்டர் பெரிசாக இருந்தாலும் புதுப் புஷ்ஷோடு பழைய சத்தம் வரும். கழற்றிய பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ரப்பர் வேண்டவே வேண்டாம். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வைக்கணும். இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கட்டும், ஒன்றை மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு கிளாம்ப் போல்ட் நேராக உட்காராது. பாரில் மாட்டுவதற்காகப் புஷ்ஷில் இருக்கும் வெட்டு, பழையதில் எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம். புஷ்ஷுக்கும் லிங்குக்கும் அலைன்மென்ட் தேவையில்லை. லோயர் ஆர்ம் மாற்றினால்தான் வேண்டும்.

பழைய_ஷெட்:
சில வண்டியில் பின்பக்க போல்ட்டுக்கு ஸ்பேனர் போகவே போகாது, சப்ஃப்ரேமை (என்ஜினுக்கு அடியில் இருக்கும் சட்டம்) இறக்கணும். அப்போது அலைன்மென்ட்டும் பார்த்துவிடுவது நல்லது. இதைச் சொல்லாமல் ‘நீங்களே மாட்டுங்கள்’ என்றால் எப்படி?

மடிப்பாக்கத்தான்:
ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் அண்ணனோடு டெஸ்ட் பண்ணிவிட்டேன். லிங்க் இரண்டையும் கழற்றியதும் சத்தம் போச்சு. ஜாயின்ட் இரண்டுமே இறுக்கம். இடது புஷ்ஷில் பாருக்கும் ரப்பருக்கும் நடுவே விரல் நகம் போகிற இடைவெளி, பார் அந்த இடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. வலது பரவாயில்லை.

கிரீஸ்கை:
அப்புறம் என்ன, புஷ்தான். எஸ்டிமேட்டைக் கிழித்துப் போடுங்கள்.

பழைய_ஷெட்:
சரி, புஷ்ஷே இருக்கட்டும். ஆனால் இடது மட்டும் ஏன் போச்சு? அந்த ரப்பரைக் கிள்ளிப் பாருங்கள். மெத்தென்று ஊதியிருந்தால் மேலே எங்கேயோ ஆயில் சொட்டுகிறது. கசிவை அடைக்காமல் புதுசைப் போட்டால் அதுவும் இதே கதிதான். வலதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், ஜோடியாகத்தான் போடணும்.