சென்னை வெயிலில் 60 செ.மீ. கடல்நீர்த் தொட்டி: எதை வாங்குவது, எந்த மீனை விடுவது?

நெய்தல்60 கேட்டது:

வணக்கம். திருவான்மியூரில் மூன்றாம் மாடி வீடு. 60 × 40 × 40 செ.மீ. அளவில், 8 மி.மீ. கண்ணாடியில் தொட்டி செய்யச் சொல்லியிருக்கிறேன். நன்னீர் மீன் வளர்த்துப் பழக்கம் உண்டு, கடல்நீருக்குப் புதிது. ஹாலில் ஏசி இரவில் மட்டும்தான் ஓடும்.

இதுவரை எழுதி வைத்திருப்பது: ஹேங்-ஆன் ஃபில்டர் (தொட்டி விளிம்பில் தொங்குவது), ஒரு பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சின்ன பம்ப்), 100 வாட் ஹீட்டர், 15 கிலோ லைவ் ராக் (நுண்ணுயிர் குடியேறிய கடல்பாறை). மீனில் க்ளவுன் 3, டாம்ஸல் 4, நீல டேங் 1, மாண்டரின் 1, அதோடு ஓர் அனிமோன் (கடல் சாமந்தி). தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் விலை அதிகம் என்பதால் ஃபேன் வைத்துச் சமாளிக்கலாமா? வீட்டு ஆர்ஓ தண்ணீர் போதுமா, அல்லது பக்கத்தில்தானே கடல், அங்கிருந்தே எடுத்து வரலாமா?

உப்பங்கழி:

முதலில் பட்டியலிலிருந்து ஹீட்டரை நீக்கிவிடுங்கள். சென்னையில் உங்களுக்குத் தேவை சூடு இல்லை, குளிர்ச்சி. அந்தப் பணம் வேறு இடத்துக்குப் போகட்டும்.

ஃபேன் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர வைக்கிறது. காற்றில் ஈரம் ஏற ஏற ஆவியாவது குறையும். கடலோரத்தில் மே மாதப் புழுக்கத்தில் 2 முதல் 3 டிகிரி இறங்கினாலே பெரிது. ஹால் 33 டிகிரியில் இருந்தால் தொட்டி 30-க்குக் கீழே வராது. இலக்கு 25 முதல் 27. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், மீனுக்கோ அந்தச் சூட்டில்தான் கூடுதலாக வேண்டும். அதனால்தான் விடியற்காலையில் மீன் மேல்பரப்பில் வாய் திறந்து நிற்கும். மீன் மட்டும் வளர்ப்பதென்றால் ஃபேனோடு தொடங்கலாம், ஆனால் மார்ச்சுக்குள் 1/10 எச்பி சில்லர் வாங்கிவிடுங்கள். அதை மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது. அது வெளியே தள்ளும் சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு ஓயாமல் ஓடும்.

ஃபேனில் பலர் கவனிக்காத விஷயம் உப்பு. உங்கள் தொட்டி 96 லிட்டர். கல், மணல், மேல் இடைவெளி போகத் தண்ணீர் 80 லிட்டர்தான் நிற்கும். ஃபேன் ஓடினால் தினம் 2 லிட்டர் போகும் என்று வையுங்கள். நான்கு நாள் ஊருக்குப் போனால் 8 லிட்டர் குறையும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே நிற்கும். உப்பின் அளவு 35 பிபிடியிலிருந்து (ஆயிரத்தில் 35 பங்கு) 39-ஐத் தொட்டுவிடும். ஆகவே குறைந்த தண்ணீரைத் தானே நிரப்பும், மிதவை சென்சார் உள்ள ஆட்டோ டாப்-அப்பும் 20 லிட்டர் கேனும் கட்டாயம். கேனில் நன்னீர்தான் இருக்க வேண்டும், உப்புநீர் ஊற்றாதீர்கள்.

வீட்டு ஆர்ஓ அப்படியே ஆகாது. குடிக்க ருசி வேண்டுமென்று டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் வழியாகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரையும் கலந்துதான் அது தருகிறது. கன்ட்ரோலருக்கு முன்னால், மெம்ப்ரேன் (வடிகட்டும் சவ்வு) முடியும் இடத்தில் ஒரு டி-கனெக்டர் போட்டு, அந்தத் தண்ணீரை, மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் கார்ட்ரிட்ஜ் வழியாக எடுங்கள். டிடிஎஸ் மீட்டரில் 0 காட்ட வேண்டும். 5 காட்டினால் ரெசின் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கரையோரக் கடல்நீர் வேண்டாம். சாக்கடை, படகு எண்ணெய் எல்லாம் கரையை ஒட்டித்தான் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஆற்று நீர் கலந்து உப்பும் இறங்கிவிடும். சமையல் கல் உப்பும் உதவாது. அதில் சோடியம் குளோரைடு போகப் பெரிதாக ஒன்றுமில்லை, கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை எதுவும் போதாது. கடல்நீர்த் தொட்டிக்கென்றே விற்கும் மெரைன் சால்ட்தான் வழி. 80 லிட்டருக்குச் சுமார் 3 கிலோ. தண்ணீரில் உப்பைத் தூவிக் கலக்க வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் கெட்டியாகிப் பால் போல் வெளுத்து வீழ்படிந்துவிடும். பவர்ஹெட் போட்டு ஒரு நாள் சுழல விட்டு, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி பாருங்கள். மீட்டரை 35 பிபிடி திரவத்தில் சரிபார்ப்பதே நம்பகமானது.

கயல்விழி_ரீஃப்:

உங்கள் மீன் பட்டியலைப் பார்த்துக் கவலையாக இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று.

நீல டேங் ஓர் அடிக்கு வளரும் மீன், 60 செ.மீ. தொட்டியில் அது திரும்பக்கூட இடமில்லை. மாண்டரின் நாள் முழுக்கக் கல்லில் கோப்பிபாட் எனும் மிகச் சிறிய உயிரியைப் பொறுக்கித் தின்னும். புதுத் தொட்டியில் சில வாரத்தில் அதைத் தின்று தீர்த்துவிட்டு மெலிந்து சாகும். டாம்ஸல் மலிவு, ஆனால் முதலில் விட்டால் தொட்டி முழுவதையும் தன் இடமாக்கிக்கொண்டு, பின்னால் வருகிற எதையும் விரட்டும். அனிமோனுக்கு நல்ல விளக்கும் ஆறு மாதமாவது நிலைத்த தண்ணீரும் வேண்டும். அது இல்லாமலே க்ளவுன் நன்றாக இருக்கும்.

என் பரிந்துரை மூன்றே மீன். வாட்ச்மேன் கோபி ஒன்று, அதோடு ஒரே வளையில் வாழும் பிஸ்டல் இறாலும் சேர்த்து. அடுத்து ஆசெல்லாரிஸ் க்ளவுன் ஒரு ஜோடி. எல்லாக் குட்டி க்ளவுனும் ஆணாகத்தான் இருக்கும், ஜோடியில் பெரியது பிறகு பெண்ணாக மாறும். அதனால் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வாங்குங்கள். மூன்றாவதை விட்டால் அந்த ஜோடி அதைக் கொத்தியே கொன்றுவிடும். சாந்தமான கோபி முதலில் போகட்டும், க்ளவுன் மூன்று வாரம் கழித்து. துப்புரவுக்கு டர்போ நத்தை 3, க்ளீனர் இறால் 1.

குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த க்ளவுன்தானா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபம் சிஎம்எஃப்ஆர்ஐயிலும் (மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலையிலும் இதை இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள். அப்படி வளர்ந்தது குச்சித்தீனி தின்னப் பழகியிருக்கும், நோயும் குறைவு. கொளத்தூர் வளர்ப்பு மீன் சந்தையில் வாங்கினாலும், கண்முன்னே தீனி போடச் சொல்லி அது தின்பதைப் பார்த்தபின் காசு கொடுங்கள்.

கோபி குதிக்கும். கண்ணாடி மூடி சூட்டை அடைக்கும் என்பதால் வலை மூடி போடுங்கள்.

மன்னார்_நீலம்:

கல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நம் கடலிலிருந்து எடுத்த லைவ் ராக் என்பது பவளப்பாறைத் துண்டுதான். கல்பவளம், கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. 3 முதல் 7 ஆண்டு சிறை வரை போகும் குற்றம். கடைக்காரர் "எல்லாரும் வைக்கிறார்கள்" என்றாலும் தொடாதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, மன்னார் வளைகுடாப் பாறைகளை ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கென்று வெட்டியே தேய்த்துவிட்டோம், இனியாவது விட்டுவைப்போம்.

அதற்குப் பதில், செயற்கையாகச் செய்த செராமிக் டிரை ராக் 8 முதல் 10 கிலோ போதும். மணலுக்கு முன் கல்லை நேராகக் கண்ணாடித் தரையில் உட்கார வையுங்கள். பிஸ்டல் இறால் மணலைத் தோண்டினால் மேலே இருக்கும் கல் சரிந்து கண்ணாடி விரிசல் விடும்.

காய்ந்த கல் என்பதால் சைக்கிள் (மீன் கழிவின் அமோனியாவை மாற்றும் பாக்டீரியா தொட்டியில் பெருகுவது) 4 முதல் 6 வாரம் ஆகும். 80 லிட்டருக்கு அரை கிராம் அமோனியம் குளோரைடு போட்டால் அமோனியா சுமார் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரும். கூடவே பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவையும் ஊற்றுங்கள். போட்ட 2 பிபிஎம் அமோனியாவும், அது மாறி வரும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்யமானால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு முதல் மீனை விடுங்கள்.

நெய்தல்60:

மூவருக்கும் நன்றி. டேங், மாண்டரின், டாம்ஸல், அனிமோன், லைவ் ராக் எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். இரண்டு சந்தேகம். கரண்ட் போனால் என்ன செய்வது? புது மீனைத் தனியாக வைக்கத்தான் வேண்டுமா?

உப்பங்கழி:

சில்லரை இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள், பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். பவர்ஹெட் மட்டும் போதும், 10 வாட்தான் இழுக்கும். மணிக்கு 1,600 லிட்டர் தள்ளுவதாகப் பார்த்து, மேல்பரப்பு கலங்கும்படி திருப்பி வையுங்கள். கரண்ட் போனதும் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வாங்கி வையுங்கள்.

கயல்விழி_ரீஃப்:

தனியாக வைக்கத்தான் வேண்டும். 30 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, 4 வாரம். கடல்நீர் வெள்ளைப்புள்ளி எனும் ஒட்டுண்ணி நோய் பெரிய தொட்டிக்குள் நுழைந்தால் அங்கே காப்பர் மருந்து போட முடியாது. இறாலும் நத்தையும் செத்துவிடும், கல்லும் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மீனையெல்லாம் வெளியே எடுத்து, ஒட்டுண்ணி சாகும்வரை தொட்டியை 76 நாள் மீனில்லாமல் ஓட்ட வேண்டியிருக்கும். அந்த ஸ்பாஞ்சை இப்போதே பெரிய தொட்டியில் போட்டு வையுங்கள், சைக்கிள் முடியும்போது அதிலும் பாக்டீரியா குடியேறியிருக்கும்.