ரைடு ஏறினா குமட்டல், தலைசுத்தல்: எதுல ஏறலாம், என்ன மாத்திரை போடலாம்?

கிருஷ்ணகிரிக்காரன்:
குடும்பத்தோட பெங்களூர் பக்கத்துல பிடதி வொண்டர்லா தீம் பார்க் போகத் திட்டம். கார்ல மூணு மணி நேரம் ஆகும். மனைவிக்கு பஸ், கார் எதுல ஏறினாலும் குமட்டும். பையனுக்கு 8 வயசு, வண்டியில போன் பார்த்தா வாந்திதான். ஆனா ரைடு ஆசை ரெண்டு பேருக்கும் நிறைய. பெரிய கோஸ்டர் வேண்டாம், சுத்துற கப், கொலம்பஸ் கப்பல் மாதிரி சின்னதா ஏறிக்கலாம்னு பேசி வச்சிருக்கோம். வீட்ல டோம்ஸ்டால், எமிசெட்னு ரெண்டு வாந்தி மாத்திரை இருக்கு. கிளம்பும்போது அதுல ஒண்ணு போட்டா போதுமா? காலையில வெறும் வயித்தோட போறது நல்லதா?

ராட்டின_ரசிகன்:
சார், நீங்க "சின்னது"ன்னு ஒதுக்கி வச்சிருக்கிற ரெண்டும்தான் வாந்திக்குப் பேர் போனது. உயரத்துக்கும் வேகத்துக்கும் பயம் வரும். குமட்டல் வர்றது சுத்தலாலயும் மெதுவான ஆட்டத்தாலயும்.

காதுக்குள்ள பக்கத்துக்கு மூணு அரைவட்டக் குழாய் இருக்கு, உள்ளே திரவம். நாம சுத்த ஆரம்பிச்சா திரவம் கொஞ்சம் பின்தங்கும். சுத்தல் நின்ன பிறகும் அது ஓடிக்கிட்டே இருக்கும். உடம்பு நின்னுடுச்சுன்னு கண் சொல்லும், இல்லைன்னு காது சொல்லும். இந்தச் சண்டைதான் குமட்டல். கப் ரைடுல கப் தனியா சுத்துது, அடியில தட்டு தனியா சுத்துது. அதுக்கு நடுவுல பையன் குனிஞ்சு செருப்பைத் தேடினாலோ, திரும்பி அம்மாவுக்குக் கை காட்டினாலோ, சுத்தும்போதே தலை இன்னொரு திசையில சாயுது. மூணு குழாயும் ஆளுக்கொரு சேதி அனுப்பும். அஞ்சே நிமிஷத்துல ஆளைக் கவுக்கிறது இதுதான்.

கொலம்பஸ் வேற கதை. ஒரு தடவை போய்த் திரும்ப சுமாரா 6, 7 விநாடி ஆகும். கடல்ல படகு ஆடுறதும் கிட்டத்தட்ட இந்த வேகம்தான், மனுஷனுக்கு ரொம்பக் குமட்டுறதும் இந்த வேகம்தான். ஏறியே ஆகணும்னா கப்பலோட நட்டநடு வரிசையில உட்காருங்க. ரெண்டு முனையிலதான் வயிறு தொண்டைக்கு வரும்.

கோஸ்டர் சீக்கிரம் முடிஞ்சிடும், அதனால பல பேருக்கு அது தாங்கும். முன்பாதியில உட்காருங்க. கடைசி வரிசையை மேட்டுல இருந்து சுண்டி இழுக்கும். தலையைப் பின்பலகையோட ஒட்டி, கண்ணைத் திறந்து, அடுத்து வர்ற வளைவைப் பாருங்க. அங்கே ரீகாயில்னு ஒண்ணு இருக்கு. போன பாதையிலேயே பின்னோக்கித் திரும்பி வரும், அடுத்து என்ன வருதுன்னு கண்ணுக்குத் தெரியாது. உங்க வீட்டம்மா அதை விட்டுடலாம்.

மருந்துக்கடை_மேசை:
மாத்திரை விஷயத்துக்கு நான் வர்றேன். டோம்ஸ்டாலும் எமிசெட்டும் இதுக்கு உதவாது. டோம்ஸ்டால்ல இருக்கிற டோம்பெரிடோன் வயித்தோட அசைவுக்கு. எமிசெட்ல இருக்கிற ஆன்டன்செட்ரான் வயித்துக் கோளாறு, கீமோ, ஆபரேஷனுக்குப் பிறகு வர்ற வாந்திக்கு. பயண வாந்தி காதுல இருந்து மூளைக்குப் போற வழியில பிறக்குது. அதை மறிக்க, மூளைக்குள்ள போய் மயக்கம் தர்ற பழைய வகை அலர்ஜி மருந்துதான் வேணும். அதனாலதான் தூக்கம் குறைவா வர்ற செட்ரிசின் போட்டும் பலன் இருக்காது.

நம்ம ஊர்ல அவோமின் கிடைக்கும், புரோமெத்தசின் 25 மி.கி. பெரியவங்களுக்கு ஒண்ணு. குறுகின பயணம்னா கிளம்ப ஒண்ணு, ரெண்டு மணி நேரம் முன்னாடி. உங்களுக்கு மூணு மணி நேரக் கார், அதுக்குப் பிறகு ரைடு. அதனால முந்தின ராத்திரி படுக்கும்போது போடுறது நல்லது, தூக்கத்துல பாதி அசதி கழிஞ்சிடும். குமட்டல் ஆரம்பிச்ச பிறகு விழுங்கினா பெரிசா வேலை செய்யாது. வயிறு அப்பவே மந்தமாயிடும், மாத்திரை உள்ளேயே கிடக்கும்.

8 வயசுக்கு வழக்கமா அரை மாத்திரை. ஆனா பையன் எடையைச் சொல்லி டாக்டர்கிட்ட கேட்டுட்டே கொடுங்க. 2 வயசுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. வண்டி ஓட்டுறவர் போடக் கூடாது. கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு இருக்கிறவங்களும் கேட்காம எடுக்கக் கூடாது. இதோட பீர் கூடவே கூடாது. இன்னொண்ணு, இந்த மருந்து வேர்வையைக் குறைக்கும். மே மாசத்துல தொப்பி இல்லாம வரிசையில நின்னா உடம்பு சூடு ஏறும், தண்ணி அதிகம் குடிக்கணும்.

இஞ்சி மொரப்பா பத்திக் கண்டிப்பா யாராவது கேட்பீங்க. ஆய்வு முடிவு ரெண்டு பக்கமும் இருக்கு, கெடுதல் இல்லை. சுக்குப்பொடின்னா சுமாரா 1 கிராம், அரை மணி நேரம் முன்னாடி. குமட்டலைத் தடுக்கும்னு விக்கிற மணிக்கட்டுப் பட்டைக்கு நான் காசு செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

கிருஷ்ணகிரிக்காரன்:
நன்றி. சாப்பாடு விஷயம்? அப்புறம், பையன் எப்படியும் கப்புல ஏறுவேன்னு அடம் பிடிப்பான்.

ஓசூர்_அக்கா:
வெறும் வயிறு வேண்டாம் தம்பி, பித்தம் கக்கும். ரெண்டு இட்லி, ஏறுறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி. பூரி, பரோட்டா, பால் காபி வேண்டாம். கார்ல வீட்டம்மாவை முன்சீட்ல உட்கார வைங்க, வாசனை டப்பாவை எடுத்துடுங்க, பையன்கிட்ட போன் கொடுக்காதீங்க. கார்லயே பாதி குமட்டிட்டு இறங்கினா முதல் ரைடுலயே மீதி வந்துடும்.

கப்புல ஏறினா நடுவுல இருக்கிற சக்கரத்தைப் பிடிச்சு அதையே பார்க்கச் சொல்லுங்க. அது அவனோடவே சுத்துறதால கண்ணுக்கு நிக்கிற மாதிரி இருக்கும். வெளியே வேடிக்கை பார்த்தா போச்சு. சக்கரத்தைத் திருப்பினாதான் கப் வேகமாகும், திருப்பாம சும்மா பிடிச்சுக்கட்டும். திரையில படம் ஓடி நாற்காலி ஆடுற தியேட்டர்னா நேரெதிர். அங்கே கண்ணை மூடினா போதும், பாதி சரியாகிடும்.

சுத்துறதுல ரெண்டு அடுத்தடுத்து வேண்டாம். குமட்டல் சேர்ந்துக்கிட்டே போகும். முதல்ல கொட்டாவி, வாயில எச்சில் ஊறுறது, முகம் வெளுத்துக் குளிர் வேர்வை. சின்னப் பசங்க "வயிறு வலிக்குது"ம்பாங்க. அதோட நிறுத்திடணும், "இன்னும் ஒண்ணே ஒண்ணு" கிடையாது. நிழல்ல உட்கார வச்சு, தலையைச் சாய்ச்சு அசையாம, தூரத்துல நிக்கிற மரத்தையோ கட்டடத்தையோ பார்க்கச் சொல்லுங்க. குறைஞ்சது அரை மணி நேரம். வாந்தி எடுத்துட்டா பத்து நிமிஷம் விட்டு, 1 லிட்டருக்கான ஓஆர்எஸ் பொடியை முழுசா 1 லிட்டர் தண்ணியில கரைச்சு ஸ்பூன் ஸ்பூனா கொடுங்க. மடக் மடக்னு குடிச்சா அதுவும் வெளியே வரும்.

ராட்டின_ரசிகன்:
அக்கா சொன்னதோட ஒண்ணு. சுத்துற ரைடுல கையைத் தூக்கிக் கத்தினா ஆபரேட்டர் வேகத்தைக் குறைச்சு நிறுத்த முடியும். கோஸ்டர் கிளம்பிட்டா முடிவு வரைக்கும் போய்த்தான் ஆகணும், அதனால ஜிப் கவர் ஒண்ணு பேன்ட் பாக்கெட்ல இருக்கட்டும். என்ன ஆனாலும் லாக்கைத் தளர்த்தப் பார்க்கக் கூடாது.

மருந்துக்கடை_மேசை:
மறுநாளும் தலைசுத்தல் நிக்கலைன்னாலோ, ரெண்டு ரெண்டா தெரிஞ்சாலோ, கழுத்து வலியோட கடுமையான தலைவலி வந்தாலோ, அது ரைடு குமட்டல்னு விட்டுடாதீங்க. அவோமின் போட்டும் சமாளிக்கக் கூடாது, நேரா ஆஸ்பத்திரி.

கிருஷ்ணகிரிக்காரன்:
சரி, கொலம்பஸ் கட். முதல்ல முன்வரிசை கோஸ்டர், அரை மணி நேரம் கழிச்சு கப். வீட்டம்மாவுக்கு முந்தின ராத்திரி அவோமின், பையனுக்கு டாக்டர்கிட்ட கேட்டுட்டு.