குதிரைக்கு ஏழாம் வாய்ப்பாடு

எனக்கு அப்போது 9 வயது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் நோம்பிக்கு அப்புச்சி என்னைக் கூட்டிப் போனார். கோபியிலிருந்து அத்தாணி வழியாக பஸ். அவருக்குக் காளை வாங்க வேண்டும். காங்கேயம் காளைக்குப் பல்லைப் பார்த்து, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி முடிப்பதற்குள் மதியமாகிவிடும். நான் மெல்லக் குதிரைகள் கட்டியிருந்த பக்கம் நழுவிவிட்டேன்.

அதுவரை நான் பார்த்ததெல்லாம் எங்கள் ஊர்க் கருப்பணசாமி கோயில் மண் குதிரைகள்தான். அங்கே நின்ற செம்பழுப்புக் குதிரைக்குக் காதுகள் இரண்டும் உள்பக்கமாக வளைந்து நுனியோடு நுனி தொட்டுக்கொண்டிருந்தன. கத்தியவார், மார்வார் இனக் குதிரைகளுக்குத்தான் அப்படிக் காது என்று பல வருடம் கழித்துப் படித்தேன். நான் பின்பக்கமாகப் போனதும் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது.

“பின்னால போகாத கண்ணு. நேர் பின்னால இருக்கறது அதுக்குத் தெரியாது, பயந்து உதைச்சுப்போடும். தோள் பக்கமா வா. பேசிக்கிட்டே வா” என்றார் குதிரைக்காரர்.

என்ன பேசுவது? ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அந்தக் காது கூடவே வந்தது. கழுத்தில் கை வைத்தபோது உள்ளங்கை சுட்டது. ஈ உட்கார்ந்த இடத்தில் மட்டும் தோல் சிலிர்த்தது. மூச்சில் ஊறவைத்த கொள்ளு வாசம். அப்புச்சி தேடி வந்து கூப்பிடும்வரை நான் கையை எடுக்கவில்லை.

அப்புறம் நோட்டுகளின் கடைசிப் பக்கமெல்லாம் குதிரை. படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் வந்து போயின. என் மகளுக்குக் கதைப் புத்தகம் தேடியபோதுதான் ஒன்று உறைத்தது. கைக்குக் கிடைத்த கதைகளிலெல்லாம் குதிரை இளவரசனைச் சுமந்து ஓடியது, இல்லாவிட்டால் மனிதரைப் போலப் பேசியது. குதிரையாகவே நிற்கிற குதிரை ஒன்றுகூட இல்லை.

அதைத்தான் எழுதினேன். 24 பக்கம். ஒரு சிறுமி ஒரு குதிரையை நோக்கிப் பத்தடி நடக்கிறாள், அவ்வளவுதான். “கதையில ஒண்ணுமே நடக்கலையே” என்று ஒரு பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அழுதேன். அடுத்தவர் ஏற்றுக்கொண்டார். ஓவியர் முதலில் காதுகளை நேராக வரைந்திருந்தார். நான் விடவில்லை, படங்களை அனுப்பி மூன்று முறை மாற்றச் சொன்னேன். பெரியவர்கள் கதையைப் படித்துக்கொண்டு போய்விடுவார்கள், குழந்தைகள் காதைத்தான் பார்ப்பார்கள்.

போன வருடம் பவானிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அதை வாசித்துக் காட்டினேன். முடித்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள்.

“எனக்கு அஞ்சாம் வாய்ப்பாடு வரைக்குந்தான் தெரியுமுங்க மிஸ். அதுக்குள்ள குதிரைகிட்டப் போயிர முடியுங்களா?”