செனெப் சிலையை வைத்து எகிப்தையே மெச்சலாமா?

நைல்நேசன்: கெய்ரோ அருங்காட்சியகத்தில் உள்ள செனெப் குடும்பச் சிலையின் படத்தைப் பாருங்கள். செனெப் உயரம் குன்றியவர், சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். சாதாரண உயரமுள்ள மனைவி பக்கத்தில் அவரை அணைத்தபடி. மற்றவர்களுக்குக் கால் தொங்கும் இடத்தில் சிற்பி அவருடைய இரண்டு பிள்ளைகளை நிறுத்திவிட்டான்! 4000 ஆண்டுகளுக்கும் முந்தையது. கீசாவில் சொந்தக் கல்லறை, கூஃபு மன்னருக்கான வழிபாட்டில் பூசாரிப் பதவி வேறு. பழைய எகிப்தியர்கள் உடல் குறையை இழிவாக நினைக்கவில்லை என்பதற்கு இன்னும் என்ன சான்று வேண்டும்?

சந்தேகசாமி: நிறைய வேண்டும். செனெப் அரண்மனை ஆள். கல்லறை கட்ட வசதி இருந்தது, அதனால் நம் கண்ணில் படுகிறார். வயலில் கூலி வேலை பார்த்தவருக்கு யார் சிலை வைத்தார்கள்? அப்புறம், தெற்கே பயணம் போன எகிப்திய அதிகாரி ஹர்கூஃபின் கல்லறையில் உள்ள கடிதம். தெற்கிலிருந்து கூட்டிவரும் குள்ள நடனக்காரர் ஆற்றில் விழாமல் பார்த்துக்கொள், இரவில் பத்து முறை எட்டிப் பார் என்று இரண்டாம் பெப்பி மன்னன் எழுதுகிறான். விலை உயர்ந்த பொம்மைக்குக் காட்டும் அக்கறை இது.

நைல்நேசன்: அப்போது அவன் சிறுபிள்ளை, விடுங்கள் சார். ரோமா என்ற பழைய எகிப்தியருக்கு என்ன சொல்வீர்கள்? வெறும் வாயிற்காவலர். கோபன்ஹேகனில் இருக்கும் அவருடைய நினைவுக்கல்லில் ஒரு கால் சூம்பியிருக்கிறது. போலியோ என்கிறார்கள் பலர். அதை மறைக்காமல்தானே செதுக்கியிருக்கிறார்கள்?

சந்தேகசாமி: அமெனெமோப் என்ற பழைய எகிப்தியரின் அறிவுரை நூல், பார்வையற்றவரைப் பார்த்துச் சிரிக்காதே, குள்ளரைக் கேலி செய்யாதே என்கிறது. ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று சுவரில் எழுதியிருந்தால் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று நமக்குத் தெரியாதா?

கோடைமழை: சுவர் உதாரணம் அருமை 😀 ஆனால் ரோமா பற்றி ஒன்று. எனக்கும் இடது கால் சூம்பியதுதான். அந்தக் கல்லில் அவர் இரண்டு கைகளிலும் காணிக்கை ஏந்துகிறார், கோல் கை மடிப்பில் சாய்ந்திருக்கிறது. கையில் பை இருந்தால் நானும் அப்படித்தான் கோலை அணைத்துக்கொள்வேன். மதித்தார்களோ இல்லையோ, செதுக்கியவன் ஒரு கோல்காரரை நன்றாகப் பார்த்திருக்கிறான்.

சந்தேகசாமி: இதை நான் கவனிக்கவே இல்லை. சரி, ரோமாவை விட்டுக்கொடுக்கிறேன். செனெப்பை இல்லை!